பச்சையம்மாளின் கட்டைவிரலுக்கு ஈரப்பதம் ஊட்டிய வரலாறு

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதுவரை நெருப்பு, சக்கரம் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது அத்தியாயம் தியாகதுருகத்துக்குத் தெற்கே, ஏழுமரத்தூர் ரேஷன் கடை வாசலில், ஒரு மார்கழிக் காலையில், எவர்சில்வர் அன்னக்கூடையில் தயிரும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசையப்பட்டபோது தொடங்கியது என்பதில் காசிநாதனுக்கு ஐயமே கிடையாது. பிசையச் சொன்னவர் அவர்தான்.

காசிநாதன் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மாவட்டம் புதிது. அலுவலக நாற்காலிகளில் பாலித்தீன் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. கிழித்தால் நாற்காலி பழசாகிவிடும் என்று உறைமேலேயே உட்கார்ந்து, அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கிளப்பி, அவர் நிர்வாகம் நடத்திவந்தார்.

அந்த வருஷம்தான் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை இயந்திரம் வந்தது. அதற்கு முன்பு ஏழுமரத்தூர்க் கடையின் விற்பனையாளர் அமிர்தம், வந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார், "வா பச்சையம்மா, பொண்ணு நல்லா படிக்குதா?" என்று கேட்பார், அரிசியை அளந்து போடுவார். இது எவ்வளவு பெரிய பாதுகாப்புக் குறைபாடு! ஒருவரைத் தெரியும் என்பதற்காகவே அவருக்கு அரிசி கொடுத்துவிட்டால் அப்புறம் நிர்வாகம் எதற்கு? ஆகவே இயந்திரம். கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு, அரிசி. சிவப்பு விளக்கு, அரிசி இல்லை.

பச்சையம்மாளுக்கு எப்போது வைத்தாலும் சிவப்பு. கரும்பு வெட்டி, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, ஏரி வேலைக்கு மண் சுமந்து, அவளுடைய கட்டைவிரல் வெடித்து, வெளுத்து, ரேகை என்று ஒன்று அங்கே குடியிருந்த தடயமே இல்லாமல் தேய்ந்து போயிருந்தது.

"எம்மா, என்னத் தெரியாதா உனக்கு?" என்று அமிர்தத்திடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியுது பச்சையம்மா. மிஷினுக்குத் தெரியலியே. நான் இன்னா பண்ணட்டும்?"

"எம் பொண்ணு தனுஷா வெரலு நல்லா இருக்குது. அத்த வெச்சிக்க."

மகள் பெயரை அட்டையில் சேர்க்கலாம். விதி அனுமதிக்கிறது. அதற்குக் குடும்பத் தலைவி முதலில் கட்டைவிரலை வைத்து ஒப்புதல் தர வேண்டும். குடும்பத் தலைவி பச்சையம்மாள். புருஷன் செத்து வருஷமாகிறது. கார்த்திகை அரிசியும் போயிற்று, மார்கழி அரிசியும் போய்க்கொண்டிருந்தது. அம்மா, பெண், பள்ளிக்கூடம் போகும் பையன் ஆகிய மூன்று பேரும் மரவள்ளிக் கிழங்கைப் பல கோணங்களிலிருந்து அணுகிக்கொண்டிருந்தார்கள்.

இவளைப் போல ஊருக்கு ஊர் பலர் இருந்ததால் கள்ளக்குறிச்சியில் கூட்டம் கூட்டப்பட்டது. இயந்திரத்தை மாற்றலாமா? டெண்டர் விட வேண்டும். ஆளை அடையாளம் தெரிந்தால் கொடுக்கலாமா? "முறைகேடு" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அப்போதுதான் நாற்காலி சரசரக்கக் காசிநாதன் எழுந்தார்.

"ஐயா, தவறு இயந்திரத்தில் இல்லை. அது வெளிநாட்டுத் தயாரிப்பு. தவறு தோலில் இருக்கிறது. தோல் உள்ளூர்."

மேலதிகாரி மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுப் புன்னகைத்தார். அந்த நிமிஷமே "வறள்தோல் ஒழிப்பு மற்றும் ரேகை மீட்பு இயக்கம்" பிறந்தது. வெற்றி பெற்றால் குடியரசு தினத்தன்று காசிநாதனுக்கு நற்சான்றிதழ் என்றும் பேச்சு அடிபட்டது. அவர் அதற்கு ஆசைப்படவில்லை. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட மட்டும் கடையில் சொல்லிவைத்தார்.

ஏழுமரத்தூரில் நடந்த முதல் முகாமுக்குச் சிறப்பு விருந்தினராக ராதிகா வந்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அழகு நிலையம் வைத்திருப்பவர். "தோலே தெய்வம்" என்ற யூடியூப் சேனலில் சமையலறையில் கிடைக்கும் எல்லாவற்றையும் முகத்தில் பூசிக் காட்டியவர். வாசலில் ஒருவர் நின்று, வந்த பெண்களின் உள்ளங்கையில் எல்லாம் சானிடைசரைப் பீச்சினார். அது கொரோனா விதி. அந்தச் சாராயம் பட்டதும் கையிலிருந்த மிச்ச ஈரமும் ஆவியானது. இனி சிகிச்சையைத் தொடங்கலாம்.

"சகோதரிகளே, நம்ம ஸ்கின் ஏன் டிரை ஆவுது?" என்று ராதிகா மைக்கில் கேட்டார். "நாம இயற்கைய விட்டு வெலகிப் போனதாலதான்!"

நடவு வயலிலிருந்து நேரே வந்திருந்த பெண்கள், முழங்காலில் சேறு காயாமல், இயற்கையை விட்டு விலகியதற்காக வெட்கப்பட்டுத் தலை குனிந்தார்கள்.

"மொதல்ல சாப்பாடு. காலைல ஊற வெச்ச பாதாம். மத்தியானம் நெய். ராத்திரி வால்நட். வாரத்துல ரெண்டு நாள் சால்மன் மீன்."

"அது நம்ம ஏரி மீனுங்களா மேடம்?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"இல்லம்மா, கடல் மீன். நார்வேல இருந்து வரும்."

"எங்க இருந்து வருது? தியாகதுருகத்தாண்டயே ரோட்டு மறியலு. பால் வண்டியே வரல."

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மார்கழி. காசிநாதன் குறுக்கிட்டு, நார்வே மீனுக்கு மறியலிலிருந்து விலக்குக் கேட்டு எழுதுவதாக உறுதியளித்தார்.

"அடுத்தது வெளிப்பூச்சு. தேங்காண்ணெய நல்லாத் தேய்ங்க."

"ரேஷன் பாமாயில் தேய்ச்சா ஆவாதுங்களா?"

"தாராளமாகத் தேய்க்கலாம்" என்றார் காசிநாதன்.

"அப்ப அத்தக் குடுங்க சார்."

"ரேகை வைம்மா."

பச்சையம்மாள் வைத்தாள். சிவப்பு. இயக்கம் எவ்வளவு அவசியமானது என்பது எல்லோருக்கும் நேரடியாக நிரூபிக்கப்பட்டதில் காசிநாதன் மகிழ்ந்தார்.

தயிர், வாழைப்பழம், தேன் கலந்த "ரேகை மீட்புப் பூச்சு" ஆளுக்கொரு கிண்ணம் வழங்கப்பட்டது. சில நாள் கழித்து ஆய்வுக்குப் போன காசிநாதன், பச்சையம்மாள் வீட்டில் கிண்ணம் கழுவியதுபோல் பளபளப்பதைக் கண்டு நெகிழ்ந்தார்.

"முழுவதும் பூசிவிட்டாயா?"

"ஆச்சுங்க சார்."

"எங்கே, கையைக் காட்டு."

"கையில இல்ல சார். உள்பக்கமாப் பூசினாங்க, புள்ளைங்க ரெண்டும். தேன் போட்டிருக்குது, வுடுவாங்களா? சின்னவன் வெரல வேற கடிச்சிக்கினான்."

"உணவுமுறை வழியான சிகிச்சை, பயனாளியின் குடும்பத்தாரால் ஆர்வத்துடன் ஏற்கப்பட்டது" என்று காசிநாதன் மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார்.

அடுத்த கிண்ணத்துக்குத் தேன் போதவில்லை. மலைத்தேன்தான் வேண்டும் என்று ராதிகா சொன்னதால் ஜீப் கல்வராயன் மலைக்கு ஏறியது. கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூரில் ரேஷன் கடைக்காரர் இயந்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாறைமேல் நின்றிருந்தார். சிக்னல் தேடுகிறாராம். கீழே ஜனம் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய கைகளும் காய்த்து வெடித்துத்தான் இருந்தன. ஆனால் சிக்னலே கிடைக்காததால் அங்கே ஒரு ரேகைகூட நிராகரிக்கப்படவில்லை. "மலைப்பகுதியில் வறள்தோல் பிரச்சினை அறவே இல்லை, தேன் உண்பதே காரணமாகலாம்" என்று குறித்துக்கொண்டு, இருந்த தேனை வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காசிநாதன் இறங்கினார்.

இரண்டாவது கிண்ணமும் உள்பக்கமாகவே போனது. ராதிகா பச்சையம்மாளின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்கின்னுக்கு ரெஸ்ட் வேணும். ரெண்டு வாரம் மண்ணு, தண்ணி, கரும்புத் தோகை எதுவும் கையில படக்கூடாது."

"படாம கூலி எப்பிடிங்க மேடம்?"

"அது ஸ்கின் சப்ஜெக்ட் இல்லம்மா."

காசிநாதன் விடவில்லை. பச்சையம்மாள் வேலை செய்வது அரங்கநாதனின் கரும்புத் தோட்டத்தில். அரங்கநாதன் அந்த வட்டாரத்துப் போராட்டக் குழுவின் தலைவருமாவார். அதுவரை "ஐயா" என்று கூப்பிட்டவர்களை எல்லாம் கார்த்திகை முதல் "தலைவரே" என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். காசிநாதன் மறியல் பந்தலிலேயே போய் அவரைப் பார்த்தார்.

"ரெஸ்ட்டுதான வேணும்?" என்றார் அரங்கநாதன். "எனக்கும் கரும்ப விடக் கூட்டம்தான் இப்ப முக்கியம். பந்தல்ல வந்து உக்காரட்டும். மூணு வேளையும் சோறு இங்கியே. கோஷத்துக்கு வாய் போதும், கை எதுக்கு?"

இயற்கை மருத்துவ வரலாற்றில் முதல்முறையாகச் சாலை மறியல் ஒரு சருமச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்பட்டது. பச்சையம்மாள் தயங்காமல் வந்தாள். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஒரு சீட்டு, ஒரு வேலை என்றால் சும்மாவா? கோஷத்தை அவள் மனசாரவே போட்டாள். இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெயைத் தடவி, பாலித்தீன் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார் ராதிகா. அந்தக் கையைத் தூக்கி அவள் கோஷம் போட்டபோது, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் இது என்ன வகை ஆயுதம் என்று கொஞ்சம் பின்வாங்கினார்.

ஒருநாள் மனு கொடுக்கப் போனார்கள். எல்லோரிடமும் மை தடவிக் கட்டைவிரல் பதியவைத்தார் அரங்கநாதன். பச்சையம்மாள் பையைக் கழற்றிப் பதித்தாள். நசுக்கிய கத்தரிக்காய் போல ஒரு நீலத் திட்டு விழுந்தது.

"தலைவரே, கோடே வுழல. ஒத்துக்குவாங்களா?"

"மனுவுல ரேகைய யாரு பாக்கப்போறாங்க? கூட்டம் தெரிஞ்சாப் போதும்."

காலை இட்லி, மத்தியானம் புளிசாதம், ராத்திரி உப்புமா. வேலை கிடையாது, வெயில் கிடையாது. மிஞ்சிய சோற்றைத் தனுஷா தூக்கில் வாங்கிப்போய் தம்பிக்குப் போட்டாள். பச்சையம்மாளின் கன்னம் நிரம்பியது. வெடிப்பு மூடியது. பொங்கலுக்கு முந்தைய வாரம், அமிர்தம் கடையைச் சாத்தும் நேரத்தில், காசிநாதன் முன்னிலையில் சோதனை நடந்தது. பச்சையம்மாள் கட்டைவிரலை வைத்தாள்.

பச்சை.

"எம்மா! வுழுந்துடுச்சிடி!" என்று அமிர்தம் கத்தினார். பச்சையம்மாள் விரலைத் தூக்கிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்து இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் பையை விரித்தாள்.

"போடும்மா அரிசிய."

"ஒரு நிமிஷம்" என்றார் காசிநாதன்.

இவ்வளவு பெரிய வெற்றியை, சாயந்திர நேரத்தில், போட்டோகூட எடுக்காமல், ஒரு நைந்த பையில் கொட்டிவிடுவதா? மேலதிகாரியின் கையால், மேடையில், மாலை போட்டு வழங்க வேண்டாமா? விழா போகிக்கு முந்தின நாள் என்று அங்கேயே முடிவானது. அதுவரை பச்சையம்மாளின் அரிசி "விழாவுக்காகப் பாதுகாக்கப்பட்டது".

சோற்றாலும் ஓய்வாலும் வந்த விளக்கு அது என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ராதிகா அன்றைக்கே வீடியோ போட்டுவிட்டார்: தயிர், வாழைப்பழம், மலைத்தேன்.

மேலதிகாரி வருகிறார் என்றால் நம் நிர்வாகத்தில் முதலில் விழித்துக்கொள்வது சுண்ணாம்பு. ரேஷன் கடைச் சுவர் பாசி பிடித்துக் கிடந்தது. வெள்ளையடிக்க ஆள்? மறியல் முடிந்து பந்தல் பிரிக்கப்பட்டிருந்தது. பந்தல் சோறும் நின்றிருந்தது.

"பச்சையம்மா இருக்கறாளே" என்றார் அரங்கநாதன். "வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்க வூட்டுக்கு அவதான் அடிக்கறா. கை ராசி."

பச்சையம்மாள் சுண்ணாம்பு ஊறிக் கொதிக்கும் பானையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"சார், இப்பதான் கையி ஆறிக்கினு வருது. வேற யார்னாச்சும்..."

"விழாவே உன் கைக்குத்தானம்மா" என்றார் காசிநாதன். ஆனாலும் நிபுணர் கருத்துக் கேட்காமல் அவர் எதையும் செய்கிறவரல்ல. ராதிகாவுக்குப் போன் போட்டார்.

"சுண்ணாம்பா? கெமிக்கல் கலக்காததுதான? அப்ப இயற்கைதான் சார், பயப்படாதீங்க" என்றார் ராதிகா. பார்லரில் கூட்டமாம்.

கரைத்து, கையால் கட்டி உடைத்து, துணியில் வடிகட்டி, மட்டையில் தோய்த்து, பச்சையம்மாள் முதல் பூச்சு அடித்தாள், இரண்டாம் பூச்சு அடித்தாள். தண்ணீர்த் தொட்டிக்கும் அடித்தாள். எதிரே நின்ற புளியமரத்துக்கும் இடுப்பளவு அடிக்கச் சொன்னார்கள். விழா நாள் காலையிலும் வாசல்படிக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

அரங்கநாதனின் புதுக் கறுப்புக் கார் வந்தது. அதில் மேலதிகாரி. மறியல் முடிந்தும் அலுவலக வண்டிக்கு வழிவிடுவார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகத்தில் போராட்டக் கொடி கட்டிய காரிலேயே அழைத்து வந்துவிட்டார் அரங்கநாதன். கடை வாசல் சாக்கடைக்கருகே பின்சக்கரம் புதைந்தது.

"பாத்துக்கினு நிக்கிறீங்களே, தள்ளுங்கடா! ஏ பச்சையம்மா, நீயும் ஒரு கை குடு!"

அவள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்கதவில் கை வைத்துத் தள்ளினாள். கார் எழும்பியது. மேலதிகாரி இறங்கினார். நாதஸ்வரம் செல்போனிலிருந்து ஒலித்தது.

காசிநாதன் ஆற்றிய உரை அரைமணி நேரம். ஈரப்பதத்தின் தத்துவம், தயிரின் தியாகம், தேனின் தேசபக்தி என்று எதையும் விடவில்லை. பிறகு பச்சையம்மாள் மேடைக்கு அழைக்கப்பட்டாள். மாலை போட்டார்கள். கையைக் கழுவிவிட்டு, கட்டைவிரலை வைத்தாள்.

சிவப்பு.

துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. சுண்ணாம்பு தின்ற விரல்நுனி வெந்து உரிந்திருந்தது. அமிர்தம் ஓடிவந்து இயந்திரத்தை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார். சிவப்பு. இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சிவப்பு, சிவப்பு.

"சார், அன்னிக்கு வுழுந்துச்சி சார்" என்றாள் பச்சையம்மாள். "நீங்களும் பாத்தீங்க."

"பார்த்தேன்" என்றார் காசிநாதன் வருத்தத்தோடு. "ஆனால் இன்று நீ பச்சையம்மாள்தான் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லையே அம்மா. நான் சொல்லிக் கொடுத்தால் அது முறைகேடு."

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோகிராபர் காத்திருந்தார். அரிசி மூட்டை பூச்சுற்றி மேடையில் இருந்தது. நிலைமையை அரங்கநாதன்தான் காப்பாற்றினார். அவரிடமும் அரிசி அட்டை உண்டு. மண்வெட்டி தொடாத, பாதாமும் நெய்யும் பல வருஷமாக ஊட்டி வளர்த்த தம்முடைய கட்டைவிரலை அவர் அலட்சியமாக வைத்தார். தொட்ட மாத்திரத்தில் பச்சை! கைத்தட்டல் புளியமரம் வரை கேட்டது. வறள்தோல் அறவே இல்லாத முன்மாதிரி ரேகை என்று மேலதிகாரி பாராட்டி, அரிசி மூட்டையை அவர் கையில் கொடுத்தார். போட்டோ அருமையாக வந்தது.

"ஏ பச்சையம்மா, இத்தத் தூக்கி வண்டில வை" என்றார் அரங்கநாதன்.

அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றினாள். கார் அருகே வந்ததும் அரங்கநாதன் அலறினார்.

"எந்த நாயி பண்ண வேல இது?"

கறுப்புக் கதவின் நட்டநடுவே ஒரு வெள்ளைக் கை. ஐந்து விரலும் விரிந்து, சுண்ணாம்பு காய்ந்து, பெயின்ட்டோடு கடித்துப் பிடித்திருந்தது.

"புது வண்டி! யாரு கையின்னு இப்பத் தெரிஞ்சாவணும் எனக்கு!"

அமிர்தம் தரையைப் பார்த்தார். காசிநாதன் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு கணம்தான்.

"பச்சையம்மாள் கை" என்றார்.

"நிச்சயமாத் தெரியுமா?" என்று மேலதிகாரி கேட்டார்.

"சந்தேகமே வேண்டாம் ஐயா. வலது கை. ஒரு மாதமாகப் பார்க்கிறேனே. எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன்."

இப்படி ஒரு கண்பார்வை நம் அலுவலகத்தில் இருக்கிறதா என்று மேலதிகாரி வியந்து அவர் தோளைத் தட்டினார். நற்சான்றிதழ் உறுதியாகிவிட்டது. துடைத்துவிடச் சொல்லி ஓர் ஈரத்துணியைப் பச்சையம்மாளிடம் கொடுத்தார்கள். அவள் மூட்டையைக் காருக்குள் இறக்கி வைத்தாள். துணியைக் கையில் வாங்கியவள் துடைக்கவில்லை. கதவில் இருந்த கையைப் பார்த்தாள், பிறகு காசிநாதனை.

"அப்ப நான்தான் பச்சையம்மான்னு ஒங்களுக்குத் தெரியுது, இல்ல சார்?"

காசிநாதன் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அது அணைந்திருந்தது. ஆகவே அவர் பதில் சொல்லவில்லை.